மூணு டிக் போடாத கை

“லிஃப்ட் கேளுங்க பாப்போம்.”

கை உடைந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்காருகிற மனிதரிடம் முதலில் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் மாவுக்கட்டு அறையில் இருபத்திரண்டு வருஷமாக இதுதான் முதல் கேள்வி. கட்டைவிரலை நிமிர்த்தி, சாலையோரத்தில் நின்று வண்டியை மறிக்கிற மாதிரி காட்ட வேண்டும். அடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போட வேண்டும். மூன்றாவதாக, இரண்டு விரலுக்கு நடுவே கட்டுப் போடுகிறவர் செருகுகிற காகிதத் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் இழுப்பார், விடக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால் மூன்று டிக். கட்டுப் போடுவதற்கு முன்னால் மூன்று, போட்ட பிறகு மூன்று. காய்ந்துகொண்டிருக்கிற மாவுக்கட்டின் மேலேயே கறுப்பு மார்க்கரால் மணி நிமிஷம் உட்பட எழுதிவிடுவார். அதனால் அவருக்குப் பெயரே ‘மூணு டிக்’ என்றாகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தச்சு வேலை செய்கிற ஒருவர் மேல்கை உடைந்து வந்தார். கட்டுப் போட்டார்கள். மூன்று வாரம் கழித்துப் பிரித்தபோது மணிக்கட்டு தொங்கிப்போய்க் கிடந்தது. விழுந்தபோதே நரம்பு அடிபட்டுவிட்டது என்றார் டாக்டர். கட்டுதான் நரம்பை நசுக்கிவிட்டது என்றார்கள் வீட்டுக்காரர்கள். கட்டுவதற்கு முன்னால் கை எப்படி இருந்தது என்று பார்த்தவர் ஒருவருமில்லை. ஒரு வருஷம் மாற்றி மாற்றிச் சண்டை போட்டார்களே தவிர, அந்தக் கையைத்தான் யாரும் கவனிக்கவில்லை. தச்சர் கடைசியில் உளி பிடிப்பதை விட்டுவிட்டு எங்கோ வாட்ச்மேன் வேலைக்குப் போனார். அன்றைக்கு மார்க்கரை எடுத்தவர்தான் இவர்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேல்கை எலும்பின் பின்பக்கமாக ஒரு நரம்பு எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. மணிக்கட்டை மேலே தூக்குவதும் விரல்களை விரிப்பதும் கட்டைவிரலை நிமிர்த்துவதும் அது செய்கிற வேலை. எலும்பு உடைகிறபோது அதுவும் நசுங்கலாம், இழுபடலாம், அறுந்தும் போகலாம். ஆனால் இறுக்கிப் பிடிப்பது வேறு நரம்புகளின் வேலை. இங்கேதான் ஆளாளுக்கு ஏமாந்துபோவார்கள். புதிதாக வருகிற டாக்டர்கள் நோயாளியிடம் தங்கள் விரலை நீட்டி, “பிடிங்க” என்பார்கள். பிடித்துவிட்டால் சந்தோஷமாக “நல்லாருக்கு” என்று எழுதிவிடுவார்கள். மூணு டிக் தலையில் அடித்துக்கொள்வார்.

“பிடிச்சா போதுமா டாக்டர்? குழந்தைகூடத்தான் பிடிக்கும். விடச் சொல்லுங்க. தூக்கச் சொல்லுங்க. அப்பத் தெரியும் சங்கதி.”

மாவுக்கட்டுப் போடுகிற ஆள் டாக்டரிடம் பேசுகிற பேச்சா என்று சிலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவார். அவர் பார்க்காமல் ஒரு கை அந்த அறையை விட்டு வெளியே போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

வீட்டில் இந்தக் கர்வமெல்லாம் செல்லாது. அவருடைய மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறார். ஒரே அறை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி. புருவம் திருத்துவதில் அந்த அம்மாள் கெட்டிக்காரி. நூலின் ஒரு நுனி பல்லில், மிச்சம் இரண்டு கையிலும். வலது கை விரல்கள் விரிந்து மூடி, விரிந்து மூடி, நூல் முறுக்கு முன்னும் பின்னும் ஓடும். உட்கார்ந்திருக்கிற பெண் ‘ஆ’ என்று கத்துவதற்குள் ஒரு புருவம் முடிந்திருக்கும். நுனி பல்லில் இருக்கும்போதே ஊர்க்கதையும் பேசுவார் என்பதுதான் ஆச்சரியம். வாயும் கையும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த அம்மாளின் தம்பி சாப்பிட வந்திருந்தார். இரண்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறாராம். சாப்பிட்டு முடித்த கையோடு சட்டைக் கையை மடித்துவிட்டு எல்லோருக்கும் புஜத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“என்னடா இது, எலி புகுந்த மாதிரி ஒரு மேடு? இதுக்கா மாசா மாசம் காசு கட்டுற?”

“அக்கா, வேணாம். சின்ன வயசுல உன்கிட்ட அடி வாங்கினவன்னு நெனச்சுப் பேசாத.”

“பெரிய பயில்வான்தான். உக்காரு, கையை வை.”

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து முழங்கையை ஊன்றினார்கள். மூணு டிக்தான் நடுவர். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணிக் கையை எடுத்தவரும் அவர்தான். அந்த அம்மாள் ஜெயித்துக்கொண்டிருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். தம்பியின் கை பாதி சாய்ந்துவிட்டது. தம்பிக்கு ரோஷம் வந்து ஒரு முறுக்கு முறுக்கினார். அக்கா தோளோடு சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினார். காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி ஒரு சத்தம்.

பஞ்சாக்கை விளையாட்டில் கை உடைந்து வந்தவர்களை அவர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். மேல்கை எலும்பின் கீழ்ப்பாதியில் முறுக்கிக்கொண்டு ஓடும் உடைப்பு. நரம்பு எலும்பை நெருக்கி ஒட்டிக்கொண்டிருக்கிற இடமே அதுதான். இதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் மனைவி அழுது அவர் பார்த்ததில்லை. இருபது வருஷத்தில் ஒரு தரம்கூட இல்லை. அந்த அம்மாள் வாய் கோணி, சத்தமே இல்லாமல், கண்ணீர் பொலபொலவென்று கொட்ட அழுதபோது பாடமெல்லாம் பறந்துவிட்டது. துண்டால் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். கட்டிவிட்டு, துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டார்.

தம்பி காரை ஓட்டினார். வழியெல்லாம், “அக்கா, நான் பாவிக்கா, நான் பாவி” என்று ஒரே புலம்பல்.

“ரோட்டைப் பாத்து ஓட்டுடா, பாவி! இருக்கிற இன்னொரு கையையும் ஒடிக்காத,” என்றார் அக்கா, அழுகைக்கு நடுவே.

பின் ஸீட்டில் மூணு டிக் அந்தக் கையை விடவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த அம்மாளின் விரல்கள் அவர் கையை நெரித்தன. அந்தப் பிடி எலும்பு வரைக்கும் வலித்தது. வலிக்க வலிக்க அவருக்குத் தெம்பு வந்தது.

அன்று டியூட்டியில் இருந்தவர் ஒரு சின்ன வயது லேடி டாக்டர். எக்ஸ்ரே எடுத்தார், வலிக்கு ஊசி போட்டார். மாவுக்கட்டு அறையில் ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடையாது. “நானே கட்டிடறேன் டாக்டர்” என்று இவரே முன்வந்தார். டாக்டர் கேஸ் ஷீட்டை எடுத்துவைத்துக்கொண்டு, இவரிடம் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

“அண்ணே, விரல் அசைவெல்லாம் பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன் டாக்டர். நல்லாப் பிடிக்கிறா.”

டாக்டர் எழுதிக்கொண்டார். மூணு டிக் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் அதற்கு மேல் யார் பார்ப்பார்கள்? இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களை எந்த வார்த்தைக்காகத் திட்டினாரோ, அதே வார்த்தையை அவர் வாய் சொன்னது, அவர் காதுக்குக் கேட்கவே இல்லை. லிஃப்ட் கேட்கச் சொல்லவில்லை. வட்டம் போடச் சொல்லவில்லை. காகிதம் வைக்கவில்லை. அந்தக் கையைத்தான் வீட்டிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாரே! இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிற கைக்கு என்ன குறை இருக்க முடியும்?

மாவுத்துணியை நனைக்கக் கை வேண்டும் என்பதால், “நீ பிடிச்சுக்கோ” என்று மனைவியின் கையைத் தம்பியிடம் ஒப்படைத்தார். ஆக, அந்தக் கை ஒருவர் மாற்றி ஒருவர் கையிலேயே இருந்தது. டாக்டர் முழங்கையைப் பிடித்து இழுத்து எலும்பை நேராக்க, இவர் தோளிலிருந்து முழங்கையைச் சுற்றிக் கட்டை ஏற்றினார். அழகான கட்டு. ஒரு சுருக்கம் கிடையாது. மார்க்கரை எடுத்து மூடியைத் திறந்தார். தம்பி கையை விட்டார்.

மணிக்கட்டிலிருந்து கை அப்படியே தொங்கியது.

“லிஃப்ட் கேளும்மா.”

“என்னது?”

“கட்டைவிரலைத் தூக்கு. தூக்கேன்.”

“தூக்கிட்டுத்தானே இருக்கேன்.”

தூக்கவில்லை. அந்த அம்மாள் குனிந்து தன் கையைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்கிற மாதிரி. வட்டம் வந்தது. காகிதம் நின்றது. மேல் வரிசையில், கட்டுவதற்கு முன்னால் பார்த்ததை எழுத வேண்டிய இடத்தில், எழுத ஒன்றுமே இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஏன் இது இவ்வளவு பெரிய விஷயம் என்றால், உடைந்தபோதே தொங்கிய கையாக இருந்தால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். பத்தில் ஏழெட்டுப் பேருக்குச் சில மாதத்தில் தானாகவே திரும்பிவிடும். இழுத்துக் கட்டிய பிறகு தொங்கினால், நரம்பு உடைப்புக்குள் சிக்கியிருக்குமோ என்று சந்தேகம் வரும். திறந்து பார்க்க வேண்டியிருக்கலாம். முன்னால் எப்படி இருந்தது என்பதில்தான் முடிவே இருக்கிறது. ஊரெல்லாம் கைக்குக் கை எழுதிவைத்தவர், கட்டிய மனைவியின் கைக்கு எழுதவில்லை.

சாயங்காலம் கை கழுவுகிற இடத்தில் டியூட்டி டாக்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். பாவம், அந்தப் பெண்ணுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

“அண்ணே, முன்னாடி நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்கேன். இப்ப நான் இழுத்துத்தான் கெட்டுப்போச்சுன்னு ஆயிடும்ல?”

அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

“வரும்போதே தொங்கித்தான் இருந்துச்சுன்னு மாத்தி எழுதிடலாமா? யாருக்கும் ஒண்ணும் ஆகாது. எப்படியும் முக்கால்வாசிப் பேருக்கு அதுவாவே சரியாயிடுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா பெரிய டாக்டர் கேள்வி கேக்க மாட்டாரு.”

அதுவும் உண்மைதான். இவர் சொன்னால் பெரிய டாக்டர் கேள்வி கேட்க மாட்டார். டாக்டர் பெண்ணும் தப்பிப்பார், தன் பெயரும் தப்பிக்கும். ஒருவேளை வரும்போதே தொங்கித்தான் இருந்ததோ என்னவோ! அப்படியானால் அது பொய்கூட இல்லை. அவர் குழாயை மூட மறந்து நெடுநேரம் நின்றார். சபலம் தட்டியது என்பதை மறைத்துப் பயனில்லை. அவரே பின்னால் எல்லோரிடமும் சொன்னதுதான்.

“காலையில பேசிக்கலாம் டாக்டர்,” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தார். குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்கவைக்கிற மனிதர். ஷீட்டைப் படித்தார், கையைப் பார்த்தார், டியூட்டி டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். ஷீட்டில் திருத்தம் எதுவும் இல்லை.

“கட்டுக்கு முன்னாடி அசைவு சரின்னு இருக்கு. அப்ப நீங்க இழுத்தபோதுதான்...”

“சார்,” என்றார் மூணு டிக். “அவங்க மேல தப்பில்ல. அவங்க நான் சொன்னதை எழுதினாங்க. நான் பாக்கவே இல்ல சார்.”

“பாக்கலையா? யாரு, நீயா?”

“ஆமா சார். கையைப் பிடிச்சுட்டே இருந்தேன். அவளும் பிடிச்சுட்டே இருந்தா. அதனால நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். முன்னாடி தூக்கினாளா இல்லையான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தெரியும்னு யாராவது சொன்னா அது பொய்.”

வார்டில் ஒரு நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். தம்பி வாயைத் திறந்தபடி நின்றார். இருபத்திரண்டு வருஷம் சேர்த்த பெயரை ஒரு மனிதன் பத்துப் பேருக்கு முன்னால் தானே கழற்றிக் கீழே வைக்கிறது லேசான காரியமில்லை. அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை.

கட்டிலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் மூணு டிக். எனக்கு ஒண்ணுகூடக் கிடையாதா?”

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பெரிய டாக்டர் கட்டுப் போட்ட பிறகு எடுத்த எக்ஸ்ரேயை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இழுத்துக் கட்டியும் எலும்பின் இரண்டு துண்டும் சேராமல் நடுவில் ஒரு இடைவெளி.

“இங்க என்னமோ நடுவுல நிக்குது. தசையா இருக்கலாம், நரம்பா இருக்கலாம். முன்னாடியே தொங்கிச்சுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் மூணு மாசம் காத்திருப்பேன். தெரியாதுன்னு சொல்றதால காத்திருக்க எனக்குத் தைரியம் இல்ல. திறந்து பாத்துடலாம். என்னம்மா சொல்றீங்க?”

“கையில நூல் பிடிக்கணும் டாக்டர். அதுக்கு எது செய்யணுமோ செய்யுங்க,” என்றார் அந்த அம்மாள்.

மறுநாளே ஆபரேஷன். இரண்டு மணி நேரம் கழித்துப் பெரிய டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார்.

“நரம்புதான். உடைப்புக்குள்ள மாட்டிட்டு நசுங்கிக் கிடந்துச்சு. அறுந்துபோகல. எடுத்து விட்டுட்டு எலும்புக்குத் தகடு வச்சாச்சு. இன்னும் மூணு மாசம் அங்கேயே கெடந்திருந்தா நார் நாராப் போயிருக்கும்.”

“எப்ப சார் மாட்டிச்சு?”

“அதை என்கிட்ட கேக்காத. யாருக்கும் தெரியாது,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி நிர்வாகம் அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. “பார்க்காமல் பார்த்ததாகச் சொன்னேன்” என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எச்சரிக்கையோடு விட்டார்கள். சக ஊழியர்கள் அவ்வளவு லேசில் விடவில்லை. கொஞ்ச நாள் அவருக்கு ‘ரெண்டு டிக்’ என்று பெயர் ஓடியது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். டியூட்டி டாக்டர் மட்டும் அந்தப் பெயரைச் சொன்ன ஒருவரை நடு வராந்தாவில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அன்றோடு அந்தப் பெயர் செத்தது.

நரம்பு செத்த இடத்திலிருந்து மறுபடி வளர வேண்டும், அதுவும் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில். மூணு டிக் மனைவியின் இஞ்ச் டேப்பை எடுத்து, தழும்பிலிருந்து மணிக்கட்டைத் தூக்குகிற தசை வரைக்கும் அளந்து, நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தார். நான்கு மாதம் ஆகலாம். வரலாம், வராமலும் போகலாம். கை தொங்கிவிடாமல் இருக்க மணிக்கட்டுக்கு ஒரு தாங்குபட்டை செய்துகொடுத்தார். விரல்கள் இறுகிவிடக் கூடாதென்று தினமும் காலையில் ஒவ்வொரு விரலாக நீட்டி நீட்டி மடக்கினார். வேலைக்குப் போகிற அவசரத்திலும் இருபது நிமிஷம். ஒரு நாள் தவறவில்லை.

பார்லரையும் அந்த அம்மாள் மூடவில்லை. இடது கையால் எது முடியுமோ அதைச் செய்தார். நூல் வேலை மட்டும் முடியாது. நூலைப் பிடித்த விரல் விரிய மாட்டேன் என்றது. வேறு கடைக்குப் போங்கள் என்று அவரே சொன்னாலும் வாடிக்கைக்காரிகள் கேட்கவில்லை. “நீங்க எடுத்தாத்தான் எடுப்போம்” என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த வட்டாரம் முழுக்க நான்கு மாதம் பெண்களெல்லாம் காடாக வளர்ந்த புருவத்தோடு நடமாடினார்கள். அந்த அம்மாளின் தொழில் எப்படிப்பட்டது என்று தெரிய இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இத்தனையிலும் ஒரு தொல்லை. மூணு டிக் மன்னிப்புக் கேட்பதை நிறுத்தவில்லை. காலையில் விரல் நீட்டும்போது ஒரு தரம், சாப்பிடும்போது ஒரு தரம், பார்லரிலிருந்து கூட்டிவரும்போது ஒரு தரம். “நான் மட்டும் அன்னிக்குக் கையை விட்டுப் பாத்திருந்தேன்னா...” என்று ஆரம்பிப்பார். முதல் மாதம் அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். இரண்டாவது மாதம் பேச்சை மாற்றினார். மூன்றாவது மாதம் எழுந்து வேறு அறைக்குப் போனார். அந்த மாதக் கடைசியில், முழங்கைக்குக் கீழே ஒரு தசை லேசாகத் துடிக்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு பல நாள் ஒன்றுமில்லை. நான்கு மாதமும் முடிந்து, நாட்காட்டியில் அவர் குறித்துவைத்திருந்த தேதியும் தாண்டிப்போனது. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

தேதி தாண்டிய ஒன்பதாம் நாள் காலை. தாங்குபட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அந்த அம்மாள் மேஜை முன் உட்கார்ந்திருந்தார். இவர் விரல்களை நீட்டிவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே தொடங்கினார்.

“நான் மட்டும் அன்னிக்கு...”

“ஐயோ, போதும்! நிறுத்துங்க!” என்று அந்த அம்மாள் எரிச்சலோடு கையை நீட்டினார். “இதே பாட்டு! கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. என் கை, எனக்கு இல்லாத வருத்தமா உங்களுக்கு? இனிமே ஒரு வார்த்தை பேசினீங்கன்னா... என்ன, நான் பேசிட்டே இருக்கேன், எங்க பாத்துட்டு இருக்கீங்க?”

அந்த அம்மாள் அவர் பார்வை போன வழியே பார்த்தார்.

அவரைத் தடுத்து நீட்டிய கை, மணிக்கட்டில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. முழுசாக இல்லை, பாதிதான். விரல்கள் இன்னும் மடங்கியே கிடந்தன. ஆனால் கை மேலே இருந்தது, யாரும் தாங்காமல்.

“ஏங்க,” என்றார் அந்த அம்மாள் மெதுவாக. “எறக்கட்டுமா?”

“வேணாம்மா. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிரு,” என்று சொல்லிவிட்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அம்மாள் முடிந்த மட்டும் வைத்திருந்தார்.